அம்மாவின் தொண்டை

போன மாதம் செஞ்சியில் நம் பழைய வகுப்புக்காரர்கள் கூடினோமே, அன்றைக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். நம்மில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுந்து, கடவுள் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை, உங்கள் ஒவ்வொருவருக்கும் என்ன கொடுத்து அனுப்பினார் என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாளில் செய்த மாதிரியே அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். முதலில் எழுந்தவர் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைப்பா" என்றார். அதையே வரிசையாக எல்லாரும் சொல்லிக்கொண்டு வந்தோம். என் முறை வந்தபோது நானும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அப்போதுதான் அம்மா நினைவுக்கு வந்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பாள். மைக்கும் வேண்டியிருக்காது. மண்டபத்துக்கு வெளியே திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கும். உங்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் என்னை 'மைக்செட்டு பொண்ணு' என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கும். யார் யார் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வயதான காலத்தில் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு இருந்தது பாடுகிற குரல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாலாட்டுக்கே அவளுக்கு ராகம் நிற்காது. அவளுடையது கூப்பிடுகிற குரல். மேல்மலையனூர்ப் பக்கம் பாறைக் காட்டில் ஆடு மேய்த்த வீட்டில் பிறந்தவள். சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் கையில் கோல்கூட இல்லாமல், வெறும் வாயாலேயே மந்தையை மடக்கிக் கொண்டுவருவாளாம். யாராவது குரலைப் பற்றிப் பேச்செடுத்தால், "அமாவாசையில பொறந்தேன். அங்காளம்மா குடுத்தா" என்பாள். காதில் போட்டிருக்கிற கம்மலை யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள்.

நம் ஊர்ப் பாறைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தரம் கத்தினால் அது நாலு பக்கமும் மோதிக் கலங்கித் திரும்பி வரும். அவசரமாகக் கத்துகிறவனுக்கு அவன் குரலே எதிரி. அம்மா அப்படிக் கத்த மாட்டாள். ஒரு சொல்லை விடுவாள். அது போய் மோதித் திரும்பி அடங்குகிற வரை பொறுத்திருப்பாள். அப்புறம்தான் அடுத்த சொல். கேட்கிறவனுக்கு எதிரில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீடு செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டை ஒட்டி, கொல்லை அப்படியே நிலத்தில் போய் முடிகிற மாதிரி இருந்தது. உச்சி வெயிலுக்குத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக்கு வருவார்கள். "எங்க வூட்டுக்காரர கொஞ்சம் சாப்புட கூப்புடு" என்பார்கள். அம்மா வரப்பில் ஏறி நின்று கூப்பிடுவாள். சண்டை போட்டுக்கொண்டு போன புருஷனாக இருந்தால் என்ன குழம்பு என்பதையும் சேர்த்துச் சொல்வாள். கருவாட்டுக் குழம்பு என்றால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்ததும், மதியப் பஸ் வராது என்பதும் அம்மா சொல்லித்தான் காட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. கரண்ட் இருக்கிற வரைக்கும் கரண்ட்டுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

நன்றி சொல்லாவிட்டால் போகிறது, "பொம்பளைக்கு எதுக்கு இம்மாம் தொண்ட" என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அதில் முதல் ஆள் என் பெரியப்பா.

பெரியப்பா நைனாவுக்கு அண்ணன். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, நைனாவையும் என் அத்தையையும் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவர் சாப்பிடாமல் வைத்திருந்து தம்பி தங்கைக்குப் போட்டது எங்கள் தெருவுக்கே தெரியும். அதனால் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சத்தம் அவருக்கு ஆகாது; பெரியம்மாவும் பிள்ளைகளும் அவர் முன்னால் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள். கோபம் வந்தால் இன்னும் தணிந்த குரலில் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது, அத்தையின் கல்யாணம். அத்தையோடு படித்த பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு கோயிலுக்கு வந்துபோனார்கள். அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டு வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவே நாத்தனார் சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை.

நான் சொல்கிற வருஷம் நான் ஐந்தாவது படித்தேன். ஆனி மாதம் விழுப்புரம் பக்கமிருந்து ஒரு வீட்டார் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, கேசரியும் காபியும் கொடுத்தாகிவிட்டது. அம்மா பின்பக்கம் இருந்தாள். ஆடிப் பட்டத்துக்கு விதைக்க வைத்திருந்த மல்லாட்டைக் கடலை அங்கே காய்ந்துகொண்டிருந்தது. கோட்டைப் பக்கமிருந்து வருகிற குரங்குகளுக்கு நல்ல நாள் பெரிய நாள் தெரியுமா? கூட்டமாக இறங்கி மல்லாட்டை மேல் உட்கார்ந்துவிட்டன. விதை போனால் அந்த வருஷ வெள்ளாமை போயிற்று. அம்மா ஒரு அதட்டல் போட்டாள்.

குரங்குகள் போய்விட்டன. கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கையில் இருந்த காபி வேட்டியில் சிந்தியது. "இன்னா சத்தம் அது?" என்று கேட்டார். பெரியப்பா தணிந்த குரலில், "எங்க தம்பி சம்சாரம்" என்றார். அதற்கு அப்புறம் பேச்சு ஓடவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. பெரியப்பா நாலு தரம் ஆள் அனுப்பிய பிறகு தரகர் மட்டும் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, அவர்கள் கொஞ்சம் அமைதியான குடும்பமாகப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியப்பா அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நைனாவை உட்காரவைத்து, கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் உன் பொண்டாட்டி கொரலு வாசப்படிய தாண்டக் கூடாது. நம்ம சிங்கவரத்துப் பெருமாள பாரு. சண்டைக்குப் போவட்டான்னு செஞ்சி ராஜா வந்து கேட்டப்ப வாயத் தொறந்தா பதில் சொன்னாரு? மூஞ்ச திருப்பிக்கினாரு, அவ்ளோதான். பெரிய எடத்துக்கு அதான் அழகு."

நைனா அம்மாவைப் பார்த்தார். அவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவர். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அடுப்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா சரி என்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகப் போனது. அம்மா வாயசைத்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்டது. அவளுக்கு அளவாகப் பேசத் தெரியவில்லை. ஒன்று முழுக் குரல், இல்லாவிட்டால் காற்று. எனவே வெறும் காற்றாகப் பேசினாள். சாயங்காலம் மாடுகள் வீட்டுக்கு வர மறந்தன. மேய்ச்சலுக்குப் போனது போன இடத்திலேயே நின்று, அம்மா கூப்பிடட்டும் என்று இருந்தது. நான் போய்க் கத்திப் பார்த்தேன். என் குரல் கிள்ளி எடுத்த மாதிரி இருக்கும், மாடு காதைக்கூட ஆட்டவில்லை. நைனா மல்லாட்டைக் கொல்லையில் ஒரு எண்ணெய் டின்னைக் கட்டி வைத்துக் குச்சியால் தட்டினார். முதல் நாள் குரங்குகள் ஓடின. அப்புறம் டின்னுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விதைத்த மல்லாட்டையைத் தோண்டித் தின்றன.

தெருப் பெண்கள் உச்சி வெயிலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "இன்னாடி ஆச்சி உங்கம்மாவுக்கு?" என்று என்னிடம் கேட்பார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு. ஆறிப்போன சோற்றைத் தின்ற ஆண்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அம்மாவின் குரல் எங்கள் தெருவுக்கு என்னவாக இருந்தது என்பது அந்த ஆடி ஆவணியில்தான் அவர்களுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. கொல்லைக் கிணற்றடியில் அம்மா குனிந்து, தலை முழுக்கக் கிணற்றுக்குள் போகிற மாதிரி நின்றிருந்தாள். விழுந்துவிடப் போகிறாள் என்று பயந்து ஓடினேன். கிட்டே போனதும்தான் கேட்டது. கிணற்றுக்குள் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பெற்ற பிறகு யாரும் அவளைக் கூப்பிடாத அவள் பேர்தான் அது. கிணறு அந்தப் பேரைத் திரும்பச் சொன்னது. ஈரமும் பாசியும் கலந்த வாசம் மேலே வந்தது. என்னம்மா செய்கிறாய் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதான்னு பாத்தேன்" என்றாள், காற்றுக் குரலில். அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

புரட்டாசி பிறந்தது. ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை நெல் மில்லில் வேலை. தகப்பன் இல்லை, அம்மாவும் அக்காவும்தான். புரட்டாசியில் பெண் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஐப்பசி வரை பொறுக்கவில்லை. பெண் பார்க்கத்தானே கூடாது, சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க யார் வேண்டுமானாலும் வரலாமே என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் சாமி கும்பிடத்தான் போகிறோம், அவர்களும் சாமி கும்பிடத்தான் வருகிறார்கள், வந்த இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏற்பாடு. பிடிக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் மானம் தப்பும். பெருமாளுக்குத் தெரியாதா என்று நான் கேட்டதற்கு அத்தை என் தலையில் குட்டினாள்.

இந்த இடமும் தவறினால் அத்தைக்கு அடுத்து வருவது ரெண்டாம் தாரம்தான் என்று பெரியப்பா நைனாவிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. மனைவி இறந்துபோன ஒரு வயதான ஆளின் பேர் ஏற்கெனவே வீட்டில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அத்தைக்கும் அது தெரியும்.

அம்மா பேசாமலே இருந்தால் ஊமை என்றோ கர்வம் என்றோ நினைத்துக்கொள்வார்களே என்று பெரியப்பாவுக்குத் திடீரென்று சந்தேகம். சனிக்கிழமை காலையில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து, அம்மாவின் கழுத்தில் சுற்றிக்கொள்ளச் சொன்னார். தொண்டைப் புண் என்று அவரே சொல்லிவிடுவதாக ஏற்பாடு. மஞ்சள் பற்றுப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அதையும் தடவச் சொன்னார். இத்தனை யோசனையை அவர் வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது. சிங்கவரத்து மலைப்படி முழுக்க ஜனம். நாமம் போட்ட பிள்ளைகள், துளசி மாலை, ஈர வேட்டி. மேலே குகைக்குள் படுத்திருக்கிற பெருமாளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக் கும்பிட்டு வெளியே வந்தபோது, எதிர்பாராமல் சந்தித்த மாதிரி அவர்கள் நின்றிருந்தார்கள். எதிர்பாராமல் சந்தித்தவர்கள் பட்டுப்புடவை கட்டி, பழமும் பூவும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பருமனான, பேச்சுக்காரப் பொம்பளை. அம்மாவின் கழுத்துத் துணியைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். மிளகு கஷாயம் சொன்னார். தன் சுருக்குப் பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்து, அங்கேயே வாயில் போடவைத்தார். அம்மா அதைச் சப்பிக்கொண்டு தலையாட்டினாள். மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஒரு பையன், மூன்று வயது இருக்கும். அவன் என் அம்மாவின் மடியில் வந்து உட்கார்ந்து, துணியைத் தொட்டு, "புண்ணா?" என்று கேட்டான். அம்மா அதற்கும் தலையாட்டினாள்.

பேச்சு நன்றாகப் போனது. மாப்பிள்ளை அத்தையை இரண்டு தரம் பார்த்ததை நான் பார்த்தேன். பெரியப்பா முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒரு சிரிப்பு. அந்த நேரத்தில்தான் ஒரு குரங்கு தாவி வந்து பையன் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பையன் அழுதான், எல்லாரும் சிரித்தார்கள். வேறு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் ஜாதகப் பேச்சுக்குத் திரும்பினார்கள். அப்புறம் பார்த்தால் பையன் இல்லை.

அந்தக் கூட்டத்தில் எங்கே என்று தேடுவது? அக்காக்காரி பேர் சொல்லி அலறிக்கொண்டு ஓடினாள். கடைசியில் யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். கோயிலுக்குப் பக்கவாட்டில், சுனைக்குப் போகிற தடத்தில் ஏறி, வெகுதூரம் மேலே போய்விட்டிருந்தான். குரங்கு அவனுக்கும் மேலே உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டிருந்தது. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் வழுவழுவென்ற சரிவுப் பாறை. தூறலில் பாசி பளபளத்தது. பாறை முடிகிற இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, கள்ளிப்புதரும் உருண்டு கிடக்கிற கற்களும்தான்.

அவன் எங்களைப் பார்த்துவிட்டான். அவனுடைய அம்மா இரண்டு கையையும் நீட்டி, "வா கண்ணா, வா" என்று கத்தினாள். "வராதடா" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார். நில்லு என்று நைனா. போகாதே என்று யாரோ. மண்டபத்தில் இருந்த ஜனமெல்லாம் சேர்ந்து ஆளுக்கொன்று கத்தியது. பாறை அத்தனையையும் வாங்கிக் கலக்கித் திருப்பி அனுப்பியது. பையனுக்கு நீட்டிய கைதான் தெரிந்திருக்கும். வந்த தடத்தை விட்டுவிட்டு, நேராகத் தன் தாயைப் பார்த்துச் சரிவில் காலை வைத்தான்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அவரும் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை; உடைந்துபோன குரல், பக்கத்துத் தூணைக்கூடத் தாண்டியிருக்காது. அம்மா அடுத்து அத்தையைப் பார்த்தாள். அத்தை லேசாகத் தலையசைத்தாள். அம்மா என் கையை விட்டாள், கற்கண்டைத் துப்பினாள்.

"எல்லாரும் வாய மூடுங்க."

என்னைச் சுற்றி இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபம் அடங்கியது. கற்பூரம் விற்கிறவன் அடங்கினான். பெரியப்பா வாயைத் திறந்தபடியே நின்றார். அந்தக் குரல் எதிர்ப் பாறைக்குப் போய்த் திரும்பி வந்து ஓய்கிற வரை அம்மா காத்திருந்தாள். அந்த நேரத்துக்குள் பையன் இன்னொரு காலையும் சரிவில் எடுத்து வைத்துவிட்டான். அக்காக்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"கண்ணு."

பையன் நின்றான்.

"உக்காரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரோ பக்கத்தில் இருந்து சொன்ன மாதிரி இருந்திருக்கும். அப்படியே பாறையில் உட்கார்ந்தான்.

நைனாவும் மாப்பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சுனைத் தடத்தில் ஓடினார்கள். அவர்கள் சுற்றிக்கொண்டு மேலே போய்ச் சேருகிற வரைக்கும் அவன் எழுந்திருக்கக் கூடாது. அம்மா அவனை விடவில்லை. குரங்கு என்றாள். பொறுத்து, பொரி என்றாள். திங்குதா பாரு என்றாள். அவன் சரிவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, குரங்கைப் பார்த்தான். எத்தனை குட்டி, கையில் என்ன, வால் எங்கே என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் கையைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னான். அது எங்களுக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளை பின்னாலிருந்து தவழ்ந்து வந்து அவன் இடுப்பைப் பிடித்த பிறகுதான் அம்மா நிறுத்தினாள்.

பையன் கீழே வந்ததும் அக்காக்காரி முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அழவில்லை. அம்மாவின் கழுத்துத் துணியையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவிடம் திரும்பினார்.

"தொண்ட புண்ணுன்னீங்களே?"

பெரியப்பா துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். நைனா பாறையைப் பார்த்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசுகிறது அந்தக் காலத்தில் உண்டா? அத்தை பேசினாள்.

"எங்க அண்ணிக்கு ஒண்ணும் இல்லீங்க. அவங்க கொரலு பெருசு. அத கேட்டுட்டு எனக்கு வந்த எடம் போயிடுச்சின்னு வீட்ல நெனச்சாங்க. எனக்காகத்தான் இத்தினி நாளா பேசாம இருந்தாங்க."

அந்த அம்மாள் குங்குமம் எடுத்துக்கொண்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். விழுப்புரத்துக்காரர்கள் சொன்ன அதே வார்த்தை. படியிறங்கிப் போய்விட்டார்கள்.

நாங்களும் வீட்டுக்கு நடந்து வந்தோம். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அம்மா காற்றுக் குரலிலேயே பேசினாள். கல்யாணம் முடிகிற வரை என்று ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான் என்று இருந்தாள். பெரியப்பா யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தைதான் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "போனா போவட்டும் அண்ணி. அந்தப் புள்ள கெடச்சானே" என்றாள். ரெண்டாம் தாரத்துப் பேச்சு மறுபடி வீட்டுக்குள் வந்தது.

ஐப்பசி பிறந்ததும் அந்த அம்மாளே வந்தார். தரகரும் இல்லை, மகனும் இல்லை, கூட ஒரு பொம்பளை மட்டும். பாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, எங்களுக்குச் சம்மதம் என்றார். பெண் நிஜத்தைச் சொன்னாள், அது போதும் என்றார். பெரியப்பாவைப் பார்த்து, இனிமேல் எங்களிடம் எதையும் மூடிவைத்துச் செய்ய வேண்டாம் என்று மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பெரியப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டார். ஏதோ தானம் கொடுக்கிறவர் மாதிரி, "சரிம்மா, இன்னியிலேர்ந்து நீ எப்பவும் போல பேசலாம்" என்றார்.

அம்மா முதல் தடவையாக அவருக்கு எதிரில் நிமிர்ந்து நின்றாள். சத்தம் போடவில்லை. காற்றும் இல்லாமல் முழுக் குரலும் இல்லாமல், நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் பேசினாள்.

"இது நீங்க குடுத்தது இல்ல மாமா. அங்காளம்மா குடுத்தது. நீங்க வாங்கி வெக்கவும் இல்ல, இப்ப திருப்பிக் குடுக்கவும் இல்ல. என் நாத்தனாருக்காக நானாத்தான் பேசாம இருந்தேன். இனிமே யாருக்காகவும் இருக்க மாட்டேன்."

பெரியப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

தை மாதம் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து தெம்பாக உட்கார்ந்திருந்த தரகர் நைனாவிடம் ஒன்று சொன்னார். அந்த விழுப்புரத்து மாப்பிள்ளைக்கு அவன் மாமன் மகள் மேல்தான் கண்ணாம். பெரியவர்கள் கட்டாயத்துக்கு வந்தானாம். அதை எப்படி உங்கள் அண்ணனிடம் சொல்வது என்று வாய்க்கு வந்த ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டேன் என்று சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. ஒரு தரகரின் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பொம்பளை ஒரு பட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. நைனா அதை அண்ணனிடம் சொன்னாரா என்று தெரியாது. அம்மாவிடம் சொன்னார். அம்மா, "சொல்லிட்டுப் போறான் வுடு" என்றாள்.

அதற்கப்புறம் அம்மா குரலைச் சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஸ்பெஷல் பஸ் ஏறி மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்குப் போவாள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கும் தாயைத் தொலைத்தவர்களுக்கும், எந்த ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்கும் ஒரு ஓரமாக நின்று கூப்பிட்டுக் கொடுப்பாள். யாரும் அவளை வேலைக்கு வைக்கவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. எதற்கம்மா இந்த வேலை என்று கேட்டால், "அவ குடுத்தத அவ ஊர்லயே செலவு பண்றேன்" என்பாள். தலை நரைத்து, முட்டி தேய்ந்த பிறகும் போனாள். உடம்பு தளர்ந்ததே தவிர அந்தத் தொண்டை தளரவில்லை.

பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒரு கட்டத்தில் முழுக்கவே போனது. பாண்டிச்சேரியில் மெஷின் வாங்கி மாட்டினார்கள். அது கொர்ரென்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். மகன்கள் காதில் கத்தினார்கள், பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாரும் சண்டைக்கு வருகிற மாதிரி அவருக்கு இருந்திருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார். பேசுவதற்கு ஆளில்லாமல் மனுஷன் பாதியாகப் போனார். நைனா இருந்தவரை பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். நைனாவும் போன பிறகு அதுவும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா போய் அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாமா" என்றாள். அவர் திரும்பினார். "சாப்டீங்களா" என்றாள். வெகுநாளாக யாரோடும் பேசாமல் இருந்தவர், "ஆச்சிம்மா" என்று பதில் சொன்னார். மருமகள்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் போனாள். மல்லாட்டை மூட்டை என்ன விலை, யார் வீட்டில் என்ன விசேஷம், யார் செத்தது, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது அப்போதுதான். மருமகள்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பெரியப்பா விடியற்காலையிலிருந்து சாயங்காலத்துக்குக் காத்திருப்பார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்த நாளில் அம்மாவோடு போயிருந்தேன். கட்டிலில் ஒட்டிப்போய்க் கிடந்தார். அன்றைக்குக் காலையில்தான் ஆரணியிலிருந்து போன் வந்திருந்தது, அத்தைக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று. அம்மா குனிந்து, ஒவ்வொரு சொல்லாக அதைச் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்தார். கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார்.

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொன்னாள்.